வியாகுலப் பிரசங்கமும் நமது தபசுகால நினைவுகளும்

ஆண்டுதோறும் தபசு காலம் முடிந்து உயிர்த்த ஞாயிறு அண்மிக்கும் தறுவாயில், நமது பத்திரிகைகளின் வார இதழ்களிலும் கோவில் விழா மலர்களிலும் ஒருவகை நினைவுக் கட்டுரைகள் தவறாமல் வெளிவருகின்றன. கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்து வளர்ந்து, இன்று கொழும்பிலோ கனடாவிலோ வாழ்கின்ற ஒருவர் தமது பாலிய காலத்துத் தவநாட்களை நினைவுகூர்வார். விபூதிப் புதனன்று நெற்றியில் இட்ட சாம்பல், ஊதாத் துணியால் மூடப்பட்ட சுரூபங்கள், குருத்தோலையிற் சிலுவை பின்னிய விரல்கள், பெரிய வெள்ளிக் கஞ்சியின் சுவை, உயிர்த்த ஞாயிற்றுப் புதுச்சட்டை என இவை வரிசை பிசகாது வரும். இழந்த நாளை எண்ணிய பெருமூச்சோடு கட்டுரை முற்றுப்பெறும்.

இவ்வெழுத்துக்களை எள்ளி நகையாடுவது எனது நோக்கமன்று. ஊரையும் உறவையும் போர் பறித்துக்கொண்ட பின், நினைவைத் தவிர வேறு முதுசம் இல்லாதவர் நம்மிடையே பலர். அவர்கள் எழுதட்டும், எழுதவே வேண்டும். ஆயினும் எழுத்து அச்சேறியதும் அது இலக்கியத்தின் நியாயத்தலத்துக்கு வந்துவிடுகின்றது. எதைச் சொல்கின்றது என்பதோடு எதை விட்டுவிடுகின்றது என்பதையும் அங்கே கேட்டாக வேண்டும். நமது தபசுகால நினைவுக் கட்டுரைகள் நாவையும் கண்ணையும் நினைவில் வைத்திருக்கின்றன, செவியை மறந்துவிட்டன. தவநாள் இரவுகளில் அந்தப் பிள்ளையின் செவியில் விழுந்துகொண்டிருந்த ஒரு பெரும் வசன இலக்கியத்தைப் பற்றி அவற்றிலே ஒரு வாக்கியம், மிஞ்சினால் இரண்டு. இரவிலே பசாம் படிப்பார்கள், தமக்கு நித்திரை வந்துவிடும் என்ற அளவோடு சரி.

பசாம் என நம்மூர்களில் மக்கள் வழங்குவது, வியாகுலப் பிரசங்கம் என்னும் நூலைத் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிப்பதும் அதனோடு சேர்ந்த ஒப்பாரியுமாகும். இயேசுவின் பாடுகளையும் அவரைப் பெற்றவளின் துயரையும் கூறும் இந்நூலை இயற்றியவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். 1676இல் கோவாவிற் பிறந்து, 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இற் போலவத்தையில் மறைந்த இவர் கொங்கணி பேசும் நாட்டினர். தமிழும் சிங்களமும் இவர் கற்றுக்கொண்ட மொழிகள். இரண்டிலுமே பாடுகளின் புலம்பலை எழுதினார். நீர்கொழும்புக் கரையிலே சிங்களத் தாய்மார் தவநாட்களிற் பாடும் 'பசன்' இவர் நூலே. வடகரையிலே தமிழ்த் தாய்மார் விம்மிக் கேட்பதும் இவர் நூலே. இனங்களின் ஒற்றுமை பற்றி மேடைதோறும் பேசும் நாம், இரு மொழித் தாய்மாரையும் ஒரே எழுதுகோல் அழவைத்த இந்தச் செய்தியை ஒருமுறையேனும் எடுத்துரைத்ததுண்டா?

இந்நூல் பிறந்த சூழலை அறிந்தால் அதன் வசனத்தின் இயல்பு விளங்கும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்தனர். குருமார் நாட்டைவிட்டு நீங்கினர். கோவில்கள் பறிபோயின. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளின் பின், 1687இல், யோசே வாஸ் அடிகள் ஏழைத் தொழிலாளியின் கோலத்திலே இரகசியமாக வந்து சேர்ந்தார். (2015இல் அவர் புனிதரெனப் பிரகடனப்படுத்தப்பட்டதை நாமறிவோம்.) அவரும் அவர்பின் வந்த சிலருமே தீவு முழுவதற்கும் குருமார். ஓர் ஊருக்குக் குரு வருவது ஆண்டிலொருமுறை எனினும் பெரிது. எஞ்சிய நாட்களில் மூப்பரும் அண்ணாவியுமே மக்களைக் கூட்டிச் செபஞ் சொல்வித்தனர். ஆகவே குருவானவர் இல்லாத இடத்தில் அவரது குரலாக நிற்கவல்ல ஒரு நூல் தேவைப்பட்டது. எழுத்தறியாத வலைஞனும் கமக்காரனும் அவர்தம் பெண்டிரும் ஒருமுறை கேட்டவுடன் பொருள் உணரவேண்டும். உணர்ந்தது மறுநாள் தொழிலிடத்திலும் நினைவில் நிற்கவேண்டும். கொன்சால்வெஸ் அடிகள் எழுதியது இத்தேவைக்கே. ஏடுகளிற் பெயர்த்தெழுதப்பட்டு ஊரூராய்ச் சென்ற அந்த வசனம், கண்ணால் வாசிக்கப்படுவதற்கன்றிக் காதாற் கேட்கப்படுவதற்கென்றே சமைக்கப்பட்டது.

இங்கே நமது இலக்கிய வரலாற்றாசிரியரோடு எனக்கு ஒரு வழக்குண்டு. தமிழ் வசனநடை என்றதும் ஆறுமுக நாவலரிடமிருந்தே தொடங்குவது நம்மிடையே வழக்காகிவிட்டது. நாவலர் பிறந்தது 1822இல். அதற்கு எண்பது ஆண்டு முன்னரே கொன்சால்வெஸ் அடிகள் இறந்துவிட்டார். நாவலரின் இலக்கணச் சுத்தமான நடை பாடசாலைக்கும் வாதத்துக்கும் உரியது. அதன் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாடசாலை வாயிலை மிதிக்க அனுமதிக்கப்படாத மக்களிடம், அவர் பிறப்பதற்கு முன்னரே, ஒரு வசன இலக்கியம் சென்று சேர்ந்துவிட்டது என்பதை ஏன் மறைக்கவேண்டும்? 1960களின் தொடக்கத்தில் மரபு வாதம் நிகழ்ந்தபோது, உழைக்கும் மக்களின் பேச்சை எழுத்திற் கொணர்ந்தோரின் படைப்புக்களை இழிசனர் இலக்கியம் எனப் பண்டிதர் சிலர் பழித்தனர். அவர்களுக்கு விடையிறுத்த முற்போக்காளருங்கூட, கடற்கரையில் இரு நூற்றாண்டுக்கு மேலாக ஒலித்துவந்த இவ்வசனத்தைத் தம் பக்கச் சான்றாக அழைக்க எண்ணவில்லை. சமய நூல்தானே என்று ஒதுக்கினர் போலும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதே காலத்தில் 'எண்டிறிக்கு எம்பரதோர்', 'மூவிராசாக்கள்', 'ஞானசௌந்தரி' முதலிய கத்தோலிக்க நாட்டுக்கூத்துக்களைப் பதிப்பித்து, கூத்து இலக்கியமாகும் என நிலைநாட்டினார். மு. புஷ்பராஜன் கடற்றொழிலாளரின் பாடல்களை 'அம்பா' என நூலாக்கினார். பாட்டுக்கும் கூத்துக்கும் கிடைத்த இந்தக் கவனிப்பு வசனப் புலம்பலுக்குக் கிடைக்கவில்லை.

அதன் நடையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். வடசொற் கலப்பு மிகுதிதான். இன்றைய மாணவன் எழுத்திலே கண்டால் மிரளுவான். ஆனால் அண்ணாவியார் நீட்டி முழக்கி வாசிக்கையில் அந்தச் சொற்கள் மிரட்டுவதில்லை. விளி மேல் விளியாக வாக்கியம் அடுக்கிச் செல்லும். வினையெச்சத்தின் மேல் வினையெச்சம் ஏறும். முடிவுக்கு வருமோ வராதோ எனக் கேட்போர் மூச்சை அடக்கி நிற்கும் வேளையில் வினைமுற்று வந்து விழும். அத்தருணத்திலேயே கூட்டத்திலிருந்து விம்மல் எழும். பெற்றவள் பிள்ளையைப் பார்த்துப் பேசுவதே அதன் உயிர்நாடி. நமது கிராமத்து இழவு வீட்டில், பிரேதத்தின் தலைமாட்டிலிருந்து பெண்கள் சொல்லி அழும் முறைக்கும் இதற்கும் உள்ள உறவை எவரும் விளக்கிக் காட்டத் தேவையில்லை. எங்கள் ஊரில் பிரசங்கத்தை வாசிப்பவர் ஆண். இடையே வரும் ஒப்பாரியைப் பெண்கள் சேர்ந்து பாடுவர். ஆண்குரல் கதையை நடத்திச் செல்ல, துயரத்தை வாங்கிக்கொள்வது பெண்குரல். இந்த வேலைப் பிரிவினை பற்றியே தனிக் கட்டுரை எழுதலாம்.

நினைவுக் கட்டுரையாளர் பசியைக் கையாளும் விதத்துக்கு வருவோம். தபசுகால உணவைப் பற்றி இவர்கள் எழுதுவதை வாசிக்கையில் விருந்தொன்றின் வருணனையோ என ஐயுறத் தோன்றும். ஒருசந்தி என்றால் நாளில் ஒருவேளை நிறைவாக உண்பது. சுத்தபோசனம் என்றால் இறைச்சியை விலக்குவது, மீனுக்குத் தடையில்லை. ஆறாம் சின்னப்பர் 1966இல் வெளியிட்ட ஒழுங்கின்பின் கட்டாய ஒருசந்தி விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டுமெனச் சுருங்கிற்று. இச்சட்டம் யாருடைய அடுக்களையை மனத்திற் கொண்டு எழுதப்பட்டது? இறைச்சி அன்றாட உணவாகவும் மீன் அதற்கு மாற்றாகவும் உள்ள ஐரோப்பிய வீட்டின் அடுக்களையை. குருநகரிலோ பாசையூரிலோ பேசாலையிலோ ஒரு கடற்றொழிலாளியின் வீட்டில் மீன் இல்லாத நாள் என்பது தொழில் இல்லாத நாள். இறைச்சி நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிற்றுக்கும் திருநாளுக்கும் வருவது. அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சுத்தபோசனம் ஆண்டு முழுவதும் நடந்துகொண்டிருந்தது. திருச்சபையின் கட்டளை அதற்கு எதையும் புதிதாகப் பறிக்கவில்லை. சைவ அயலவரின் விரதமுறையைப் பார்த்துத் தாமும் நாற்பது நாளும் மச்சத்தை விலக்கிய குடும்பங்கள் பல உண்டு. அவை பெரும்பாலும் காணியோ உத்தியோகமோ உள்ள குடும்பங்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரக்கறி வாங்கக் காசு வேண்டுமல்லவா? நினைவுக் கட்டுரையில் கஞ்சி இனிக்கின்றது. ஏனெனில் அதை எழுதுபவருக்குக் கஞ்சி ஒரு நாளைய உணவு.

இவ்விடத்தில் இன்னொன்றையும் தொடாமற் செல்ல முடியாது. பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிருவரின் பாதங்களைக் கழுவும் சடங்கைப் பற்றி உருக்கமாக எழுதாத கட்டுரையாளர் இல்லை. அந்தப் பன்னிருவர் யாவர்? அவர்களைத் தெரிந்தெடுத்தவர் யாவர்? குடாநாட்டுக் கோவில்கள் பலவற்றில் சாதிக்கொரு இடமென மக்கள் பிரிந்து இருந்ததும், ஒரே ஊரில் ஒரே விசுவாசத்துக்கு இரு கோவில்கள் எழுந்ததும் நமது வரலாறு. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவரின் கால் அந்தச் செம்பு நீருக்கு எத்தனை ஆண்டு காத்திருந்தது என்பதை நினைவுகூர்பவர் எவருமில்லை. 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் பெண்களின் பாதங்களும் கழுவப்படலாமென ஒழுங்கை மாற்றியபோது, நமது பங்குகள் சிலவற்றில் எழுந்த முணுமுணுப்பைக் கேட்டவர்களுக்கு இந்தக் கேள்வி பழங்கதையன்று என்பது தெரியும்.

இனி முக்கிய விடயத்துக்கு வருகின்றேன். பசாம் வாசிக்கையில் எழுந்த அந்த அழுகை யாருடையது?

என் தலைமுறையினர் போருக்குள்ளே பிறந்தவர்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது எனக்கு ஏழு வயது. அடுத்த ஆண்டின் பெரிய வெள்ளியைத் தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்திலே கழித்தோம். மின்சாரம் என்பதையே அறியாத வயது. ஜாம்போத்தல் விளக்குகள் இரண்டு. எங்களூர் அண்ணாவியார் சாமான் மூட்டையோடு கொண்டுவந்திருந்த கொப்பியைத் திறந்து வாசித்தார். சுரூபமில்லை, ஊதாத் துணியில்லை, சிலுவைப் பாதைக்குப் படங்களுமில்லை. ஆயினும் நான் அறிந்த தபசு காலங்களுள் அந்த இரவிலே எழுந்த ஒப்பாரியைப் போல் வேறெங்கும் கேட்டதில்லை. அங்கேயிருந்த பெண்களுள் ஒருத்தி மகனை இழந்தவள். இன்னொருத்தி மகன் எங்கே என்று அறியாதவள். வேறொருத்தி வயோதிபத் தந்தையை வழியிலே புதைத்தவள். பெற்றவளின் புலம்பல் வாசிக்கப்படுகையில் அவர்கள் மரியாளுக்காக மட்டும் அழவில்லை என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கும் விளங்கிற்று. தம் இறந்தோரின் பெயரை உரத்துச் சொல்வது அந்நாட்களில் ஒரு பக்கத்தாருக்கோ மறு பக்கத்தாருக்கோ பிழையாகப் படலாம். கல்வாரியிலே தொங்கியவனின் பெயரைச் சொல்லி அழுவதை எந்தப் படையும் தடுக்கவில்லை.

ஒல்லாந்தர் காலத்திலே மறைந்து வழிபட்ட மக்களுக்கென எழுதப்பட்ட நூல், முந்நூறு ஆண்டு கழித்து மறைந்து அழவேண்டிய மக்களுக்குப் பயன்பட்டது. ஓர் இலக்கியத்தின் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று நான் அறியேன். 2009இன் பின்னரும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. இறந்தோரை நினைவுகூரக் கூடியவர்களைத் தடுத்த ஆண்டுகள் பல. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்திற் பந்தலிட்டு அமர்ந்தனர். ஒன்பது நாட் கழிந்து அவ்வாண்டின் விபூதிப் புதன் வந்தது. அந்தத் தாய்மாருட் பெரும்பாலோர் சைவர். ஆனால் பிள்ளையின் படத்தை மார்போடு அணைத்து அவர்கள் சொல்லி அழுததைக் கேட்ட கத்தோலிக்கப் பெண்ணொருத்தி, பசாமின் தொடர்ச்சி இதுவென உணர்ந்திராவிட்டால், அவள் பசாமை ஒருநாளும் கேட்கவில்லை என்றே சொல்வேன்.

இதற்கு முற்போக்கு முகாமிலிருந்தே ஒரு மறுப்பு எழும். அழுகை கோபத்தைக் கரைத்துவிடுகின்றது. ஆண்டுக்கொருமுறை அழுது தீர்த்தவன் மறுநாள் சம்மாட்டியின் தோணிக்குப் பணிந்து போகின்றான். ஆகவே இது மயக்க மருந்தே என்பர். இதனை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. பெரிய வெள்ளியன்று கடலுக்குப் போகாமல் கோவிலில் ஒன்றாக முழந்தாளிட்ட சம்மாட்டியும் கூலியாளும், பங்குக் கணக்கைப் பார்க்கும் நாளில் வேறுவேறு மனிதராயினர். ஆனால் கிளிநொச்சித் தாய்மாரின் பந்தலையே பாருங்கள். அழுகையிலேதான் அவர்கள் தொடங்கினர். அழுகையோடேயே அமைச்சர்களையும் அதிகாரிகளையும் ஐ.நா. மன்றத்தையும் கேள்வி கேட்டனர். அழத் தெரிந்ததனால் அவர்கள் வாயடைத்துப் போகவில்லை. மருந்து என்பவர், அதை அருந்தியவரின் பின் சரித்திரத்தையும் பார்த்துவிட்டுப் பேசவேண்டும்.

வியாகுலப் பிரசங்கத்திலும் அதனைச் சூழ்ந்த பெரிய வார மரபிலும் நான் காணும் குறை வேறு. இயேசுவைக் கொன்றவர் என ஒரு மக்கட்கூட்டத்தையே சுட்டும் பழைய வழக்கம் அங்கே ஊறிக் கிடக்கின்றது. வாழ்நாளில் ஒரு யூதரையும் கண்டிராத எங்களூரிற் 'யூதன்' என்பது கொடியவனைத் திட்டும் சொல். தாயின் கண்ணீரோடு கலந்து ஊட்டப்பட்டதால் அந்த நஞ்சு இனிதாக உள்ளே இறங்கிற்று. பெரிய வெள்ளி மன்றாட்டிலிருந்து யூதரைப் பழிக்கும் சொல்லை இருபத்துமூன்றாம் அருளப்பர் 1959இல் நீக்கினார். 1965இல் வத்திக்கான் சங்கம், அந்தக் குற்றத்தை ஓர் இனத்தின் மேற் சுமத்துவது தகாதென அறிவித்தது. வழிபாட்டு நூலிற் செய்த திருத்தம் நாட்டார் வழக்கிற்கு முழுமையாக வந்து சேரவில்லை.

இது வெறும் நூலாராய்ச்சியன்று. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிற்றுக் காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவிலிலும், மட்டக்களப்பு சீயோன் சபையிலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன; 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். புதுச்சட்டை அணிந்து சென்ற பிள்ளைகள் அவர்களுள் பலர். அடுத்த மாதமே வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கொலைகாரர் சிலரின் செயலுக்கு ஒரு சமூகமே பொறுப்பெனக் கொள்ளும் மனம் ஒருநாளில் உண்டாவதில்லை. கத்தோலிக்கராகிய நமது பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தின் முதலெழுத்தைத் தபசு காலத்திலேயே நாம் சொல்லிக் கொடுத்திருக்கின்றோம். உயிர்த்த ஞாயிறு பற்றிய பாலிய நினைவை இனிப்புப் பண்டத்தோடு முடித்துக்கொள்ள 2019இன் பின்னரும் ஒருவரால் முடிகின்றதென்றால், அவர் எந்த நாட்டிலிருந்து எழுதுகின்றார் எனக் கேட்கத் தோன்றுகின்றது.

பசாமின் இன்றைய நிலையையும் சொல்லவேண்டும். 1965இல் தோன்றிய திருமறைக் கலாமன்றம் போன்றவை திருப்பாடுகளின் காட்சியைப் பெருமேடைக்குக் கொண்டுவந்து, ஒளியும் ஒலியும் சேர்த்து ஆயிரக்கணக்கானோரை ஈர்த்தன. அது பெருஞ்சாதனை. ஆயின் மேடை வளர வளர, கோவில் முற்றத்திலே பாய் விரித்திருந்து கேட்கும் பழக்கம் தேய்ந்தது. கேட்டவர்கள் பார்வையாளராயினர், ஒப்பாரியிற் குரல் சேர்த்த பெண்கள் இருக்கையில் அமர்ந்து கைதட்டுகின்றனர். பல பங்குகளில் இப்பொழுது பதிவு செய்த பாட்டை ஒலிபெருக்கியிற் போட்டுவிடுகின்றார்கள். வாசிக்க வல்லோர் எழுபதைக் கடந்தவர்கள். அவர்களுக்குப்பின் பழக எவரும் வருவதில்லை.

உயர்தர வகுப்பில் தமிழ் கற்கும் என் மாணவியருள் ஒருத்தி, தன் பேரனாரின் பசாம் கொப்பியை ஒருநாட் கொண்டுவந்து காட்டினாள். நீலமையிற் பிரதி பண்ணிய வாசகம். குரலை எங்கே இழுப்பது, எங்கே இறக்குவது என்பதற்குச் சிவப்புப் பென்சிலால் இட்ட கோடுகள், வளைவுகள். அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் இன்று இல்லை. அச்சில் வந்துள்ள பதிப்புக்கள் வாசகத்தைத் தருகின்றன; அந்தச் சிவப்புக் கோடுகளைத் தருவதில்லை. நினைவுக் கட்டுரை எழுதும் அன்பர்கள் அடுத்த தபசு காலத்துக்கு முன் ஊருக்கு வந்தால், பேனாவோடு கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவுக் கருவியையும் எடுத்துக்கொண்டு ஓர் அண்ணாவியாரின் வீட்டுத் திண்ணையில் ஒருவாரம் இருக்கட்டும். வாசிப்பவர் இருமி நிறுத்துமிடமும், அயலிலிருந்து எட்டிப் பார்க்கும் கிழவி தன்னையறியாமல் ஒப்பாரியைத் தொடங்கும் இடமும் அந்தப் பதிவிலே விழட்டும்.